'ஆள் 17' என்று எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் 34 ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக வேலை பார்த்து 2022-இல் ஓய்வு பெற்றவன் நான். மலையில் இப்போது பழம் எடுக்கும் காலம். தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் ரயில் சேலம் சந்திப்புக்கு வரும்போதெல்லாம் ஜார்க்கண்டிலிருந்து ஆண்களும் பெண்களும் மூட்டை முடிச்சுகளோடு இறங்குகிறார்கள். கூலிக்கு ஆள் சேர்த்து வரும் மேஸ்திரிகள் அவர்களை வண்டியில் ஏற்றிக் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே கொண்டுவருகிறார்கள்.

சென்ற வாரம் ஒரு தோட்டத்துக் கணக்கறையில் உட்கார்ந்திருந்தபோது, பழைய பழக்கத்தில் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். உள்ளூர் ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு வரி இருந்தது. பெயர், தகப்பன் பெயர், வந்த நாள், வராத நாள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வெளிமாநிலத்தவர் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வரி. மேஸ்திரியின் பெயரும், பக்கத்தில் 'ஆள் 17' என்ற குறிப்பும். எனக்கு அடிவயிறு கலங்கியது. 2020-இல் நானும் என் கையால் இப்படித்தான் எழுதினேன். என் வரியில் 'ஆள் 14' என்று இருந்தது.

அந்தப் பதினான்கு பேரும் 2019 நவம்பர் கடைசியில் வந்தவர்கள். பெரியவர்கள் 11, குழந்தைகள் 3. கும்லா, லோஹர்தகா மாவட்டங்களைச் சேர்ந்த உராவ்ன் பழங்குடியினர். அறுவடை முடிந்து, சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாய்த்து மிளகு பறித்துக்கொண்டிருந்தார்கள். 2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை கொரோனாவுக்காக ஊரடங்கு. அன்றே ரயில்களை நிறுத்தும் அறிவிப்பும் வந்தது. 24-ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் முடக்கம். நான்கு மணி நேர அவகாசத்தில் ஏற்காட்டிலிருந்து கும்லாவுக்கு எப்படிப் போவது? மறுநாள் காலை மேஸ்திரியின் கைபேசி அணைந்துவிட்டது. அது மீண்டும் உயிர்பெறவே இல்லை.

அவர்களுடைய கூலி அவரிடம் இருந்தது. எங்கள் மலையில் வழக்கம் இதுதான்: வாரம் ஒருமுறை செலவுக்காசு மட்டும் கைக்கு வரும். மீதியை ஊருக்குத் திரும்பும் நாளில் மேஸ்திரி மொத்தமாகக் கொடுப்பார். நாளுக்கு 350 ரூபாய் என்று பேசி அழைத்து வந்திருந்தார். நூறு நாள் வேலைக்கு 35,000. வாரம் 500 வீதம் 17 வாரச் செலவுக்காசு 8,500. வரும்போது வாங்கிய முன்பணம் 2,000. இரண்டையும் கழித்தால் ஆளுக்கு 24,500. பதினொரு பேருக்கு 2,69,500 ரூபாய். இந்தத் தொகையைத் தோட்டம் மேஸ்திரிக்குக் கொடுத்துவிட்டது, கையெழுத்தும் வாங்கிவிட்டது. ரசீதைக் கோப்பில் வைத்தவன் நான்தான். சென்னையில் இருந்த உரிமையாளரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "கணக்கைத்தான் முடித்துவிட்டோமே" என்றார். எனக்கும் அப்போது அது சரியென்றே பட்டது. மேஸ்திரி கூலி தராமல் போனால் தோட்டமே தந்தாக வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் சொன்னது. செக்ரோல் எழுதிய 34 ஆண்டுகளில் அதை எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் தேடிப் படிக்கவில்லை.

அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருடைய புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகம் ஒன்றை ஒப்பந்தக்காரர் தர வேண்டும். பெயர், வேலை செய்யும் இடம், கூலி விகிதம் எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். அப்படி ஒரு புத்தகத்தை ஒரு தொழிலாளியின் கையிலும் நான் பார்த்ததில்லை.

தோட்டத்து லைன் வீட்டில், அதாவது தொழிலாளருக்கான வரிசை வீட்டில், இரண்டு அறைகளில் இருந்தார்கள் பதினான்கு பேரும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள். ஏப்ரல் முதல் வாரத்தில் அந்தக் கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது: 'தனித்திருங்கள், விலகியிருங்கள், கைகளை அடிக்கடி சோப்பு போட்டுக் கழுவுங்கள்.' தமிழில் இருந்த அந்த அறிவிப்பை அவர்களில் ஒருவராலும் படிக்க முடியவில்லை. படித்திருந்தாலும் ஏழு பேர் படுக்கும் அறைக்குள் எப்படி விலகியிருப்பது?

இனி எழுதப்போவது என்னைப் பற்றியது. மறைத்துவிட்டு இக்கடிதத்தை எழுத எனக்கு உரிமை கிடையாது.

லைன் வீட்டுக்கும் பக்கத்துக் குடியிருப்புக்கும் ஒரே பொதுக்குழாய். காலையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வரும். கொரோனா பயம் மலையேறி வந்ததும், வெளியூர்க்காரர்கள் குழாயைத் தொடக்கூடாது என்று குடியிருப்பில் சிலர் சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அந்தப் பதினான்கு பேரும் நவம்பரிலிருந்து மலையை விட்டு இறங்கவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் போய் வந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். இருந்தும் விரல் நீண்டது அவர்களை நோக்கி. சண்டை வேண்டாமே என்று நான்தான் ஒரு சமரசம் செய்தேன்: எல்லோரும் பிடித்து முடித்த பிறகு நீங்கள் போங்கள் என்று கையசைத்துச் சொன்னேன். எல்லோரும் பிடித்து முடிக்கும்போது குழாயும் நின்றுவிடும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. குடங்களை எடுத்துக்கொண்டு கீழே ஓடைக்குப் போனார்கள்.

ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் அவர்களில் மூத்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், காய்ச்சலில் விழுந்தார். ஐந்து நாள் வரை யாரும் வெளியே சொல்லவில்லை. படுத்த நாளுக்குக் கூலி கிடையாது, செலவுக்காசிலும் பிடித்தம் என்பது மேஸ்திரி போட்டிருந்த விதி. மேஸ்திரி ஓடிப்போன பிறகும் அந்த விதி அவர்கள் மனத்தில் இருந்தது. அதோடு, காய்ச்சல் என்றால் ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், உடல்கூடத் திரும்பாது என்று கைபேசியில் வந்த வதந்தி வேறு. ஆறாவது நாள் நான் போய்ப் பார்த்தபோது அவர் சுவரோரமாகச் சுருண்டு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் "அம்... அம்..." என்றார். அம்மாவை அழைக்கிறார் என்று நினைத்து நின்றேன். ஓர் இளைஞன் செம்பை எடுத்து அவர் வாயில் வைத்த பிறகுதான் அவர் கேட்டது தண்ணீர் என்று புரிந்தது.

அவர்கள் பேசுவது குடுக் மொழி. நான் அதை இந்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு தமிழாசிரியர் சொன்னார்: அதுவும் நம் திராவிட மொழிக் குடும்பந்தான். அவர்களுக்குக் கண் என்றால் 'கன்', நீ என்றால் 'நீன்', தண்ணீர் என்றால் 'அம்'. நம் அகராதியிலும் அம் என்ற சொல்லுக்கு நீர் என்று பொருள் இருக்கிறதாம். நூறு நாளுக்கு மேல் ஒரே மலையில் இருந்தோம், ஒரு வார்த்தையைக்கூட நான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் சொன்னேன். பஸ் இல்லாத நாட்கள். முகக்கவசமும் தோளில் பையுமாக நடந்தே வந்தார் அந்த அம்மையார். "லைனில் எத்தனை பேர்?" என்றார். "பதினான்கு ஆள்" என்றேன். "ஆள் சரி, பெயர்ப் பட்டியல் கொடுங்கள்" என்றார். செக்ரோலைக் காட்டினேன். அவர் அந்த வரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து லைன் வீட்டுப் படியில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக அழைத்து, இந்தி தெரிந்த அந்த இளைஞனை வைத்துப் பெயர், வயது, ஊர், ஆதார் எண், வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற விவரம், இதற்கு முன் வந்த நோய் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அப்படி எழுதும்போதுதான் ஒரு பெண் ஐந்து மாதக் கர்ப்பிணி என்பதே தெரியவந்தது. அதுவரை ஒரு முறைகூட அவளை யாரும் பரிசோதித்ததில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் கர்ப்பகாலப் பதிவு எண்ணும் அவளுக்கு அன்றுதான் கிடைத்தன. மிளகு ஏணியில் ஏறியவர்களில் அவளும் ஒருத்தி.

பெரியவருக்குச் சளி மாதிரி எடுத்தார்கள். கொரோனா இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டைபாய்டு என்று தெரிந்தது. அடுத்த பத்து நாளில் மேலும் இருவருக்கு வந்தது, அதில் ஒன்று குழந்தை. ஓடைத் தண்ணீர் என்றார் மருத்துவர். கொரோனாவைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று நாங்கள் குழாயிலிருந்து விலக்கியவர்களுக்கு, விலக்கியதாலேயே வேறொரு நோய் வந்தது. மூவரும் பிழைத்தார்கள். அந்த நன்றியை நான் கடவுளுக்கும் அந்தச் செவிலியருக்கும் சொல்கிறேன். மருத்துவர் சொன்ன மறுநாள் காலை முதலில் குழாயில் பிடித்தவர்கள் லைன் வீட்டுக்காரர்கள். செவிலியர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். ஒரு குரல்கூட எழவில்லை. எழாது என்பதை முதல் நாளே நான் முயன்று பார்த்திருக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரிசி அட்டைக்காரர்களுக்கு அரசு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தது. இவர்களுக்கு இங்கே அட்டை இல்லை. தோட்டத்துப் பலாக்காயை வெட்டிக் குழம்பு வைத்துச் சோற்றோடு சாப்பிட்டார்கள், அரிசி தீர்ந்த நாட்களில் பலாக்காய் மட்டும். மூன்றாவது முறை நான் தொலைபேசியில் பேசிய பிறகு உரிமையாளர் நான்கு மூட்டை அரிசியும் பெரியவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாயும் அனுப்பினார். பாக்கிக் கூலி இன்றுவரை வரவில்லை.

மே 1 முதல் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. டிக்கெட் பணத்தை யார் கட்டுவது என்று நாடெங்கும் இழுபறி. மே 28 அன்று, தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ரயிலில் இடம் கேட்டு விண்ணப்பிக்கப் பெயர், ஆதார், சொந்த மாவட்டம், கைபேசி எண் எல்லாம் வேண்டும். செக்ரோல் அதற்கு எந்த உதவியும் செய்யவில்லை. செவிலியரின் நோட்டைப் பார்த்துத்தான் பதினான்கு பேருக்கும் பதிந்தோம். ஜூன் முதல் வாரத்தில் அவர்கள் கிளம்பினார்கள். காய்ச்சலில் கிடந்த பெரியவர் வண்டியில் ஏறுமுன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. குழாய்ச் செய்தி அவருக்குத் தெரியுமா, அது என் யோசனை என்று தெரியுமா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இவர்கள் வீடு போய்ச் சேர்ந்தவர்கள். சேராதவர்களும் உண்டு. நம் பக்கத்து நாமக்கல் மாவட்டத்து இளைஞர் ஒருவர், 23 வயது, மகாராஷ்டிரத்திலிருந்து ஊருக்கு நடந்து வந்தவர், செகந்திராபாத்தில் ஒரு தங்குமிடத்தில் சரிந்து இறந்தார். தெலங்கானாவின் மிளகாய்க் காட்டிலிருந்து சத்தீஸ்கருக்கு நடந்த 12 வயதுச் சிறுமி, வீட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தாள். மே 8 அன்று ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியது. அந்தச் செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசிடம் கேட்டார்கள். ஒரு கோடியே 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சொந்த மாநிலம் திரும்பினர் என்று பதில் வந்தது. வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படி ஒரு புள்ளிவிவரம் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது பலரும் அரசின் மீது கோபப்பட்டார்கள். எனக்கு என் செக்ரோல்தான் நினைவுக்கு வந்தது. 'ஆள் 14' என்று நான் எழுதிய இடத்தில், அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் வழியில் இறந்திருந்தால் அவரை யாரால் கணக்கில் சேர்த்திருக்க முடியும்?

என் தங்கை மகன் அப்போது சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். ஓர் அறையில் பன்னிரண்டு பேர். பல மாதம் விடுதியை விட்டு வெளியே விடவில்லை. தங்கை தினமும் அழுவாள். அப்படி நெருக்கி அடைத்து வைத்தது பெருந்தவறு, நோய் காட்டுத்தீயாகப் பரவியது. ஆனால் டிசம்பரில் அந்த நாட்டு அரசு ஒரு கணக்கு வெளியிட்டது: விடுதிகளில் வாழும் தொழிலாளர் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்திருக்கிறது. தங்களுக்கே அவமானமான கணக்குதான். இருந்தும் ஒவ்வொருவர் பெயரும் ஏட்டில் இருந்ததால் சோதிக்க முடிந்தது, சொல்ல முடிந்தது. தங்கை மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது எந்த வார்டில் இருக்கிறான் என்று எங்களுக்குத் தகவல் வந்தது. அதே மாதங்களில் கும்லாவில் ஒரு தாய்க்கு, தன் மகன் எந்த மலையில் இருக்கிறான் என்றுகூடத் தெரிந்திருக்காது.

அதன் பிறகு நல்லவை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2020 அக்டோபர் முதல் வேறு மாநில அட்டைக்கும் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடையில் அரிசி வாங்கலாம் என்று வந்தது. 2021 ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளருக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு வந்தது. தடுப்பூசி காலத்தில் எங்கள் செவிலியர் அதே நோட்டை எடுத்துக்கொண்டு லைன் லைனாகப் போய் ஊசி போட்டார். ஆனால் பழம் பறித்துத் தேய்ந்த விரல்களை நியாயவிலைக் கடையின் ரேகைக் கருவி ஏற்பதில்லை. அட்டையோ கும்லாவில் குடும்பத்திடம் இருக்கிறது. எண் தெரிந்தால் போதும், அட்டை கையில் இருக்க வேண்டியதில்லை என்பதை அவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல இங்கே ஆள் இல்லை.

இப்போது 1979-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2020-இல் இயற்றிய பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மேஸ்திரி இல்லாமல் தானாக வந்தவரையும் அது வெளிமாநிலத் தொழிலாளியாக ஏற்கிறது. எல்லோருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் பழைய சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது. புதியதில் வெளிமாநிலத் தொழிலாளருக்கான பகுதி பத்துப் பேர் இருந்தால்தான் பொருந்தும். ஏற்காட்டு மலையைத் தெரிந்தவர்களுக்கு இதன் விளைவு புரியும். இங்கே பெரிய தோட்டங்கள் சில, சிறிய தோட்டங்கள்தான் மிகுதி. எட்டுப் பேர், ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்ளும் இடங்கள் நிறைய. பத்தாவது ஆளை எடுக்காமல் இருப்பது எவ்வளவு எளிது என்பது கணக்கு எழுதியவனுக்குத் தெரியும். சேலத்தில் கொலுசுப் பட்டறைகளிலும் நிலைமை வேறாக இருக்காது. வீட்டு மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் இடம் எந்தச் சட்டத்தின் கண்ணில் படும்?

ஆகவே சட்டத்துக்குக் காத்திராமல் மாவட்ட நிர்வாகம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். ஒவ்வோர் ஊராட்சியிலும் வெளிமாநிலத் தொழிலாளர் பெயரேடு ஒன்று திறக்கப்பட வேண்டும். ஆள் ஒருவராக இருந்தாலும் எழுத வேண்டும். அதை எழுதும் பொறுப்பு சுகாதாரத் துறையிடம் இருக்கட்டும். காவல் துறையிடம் வேண்டவே வேண்டாம். காவலர் கேட்டால் பெயரை மாற்றிச் சொல்வார்கள், செவிலியர் கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். கூலி வாரா வாரம் அவரவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும், மேஸ்திரி தன் தரகைத் தனியாக வாங்கிக்கொள்ளட்டும். தொற்றுக் காலத்தில் காய்ச்சல் என்று வந்து சொல்பவருக்கு, படுத்திருக்கும் நாட்களின் கூலியைத் தோட்டம் தர வேண்டும், தோட்டத்தால் முடியாவிட்டால் அரசு தர வேண்டும். சொன்னால் பட்டினி என்று இருக்கும்வரை யாரும் காய்ச்சலைச் சொல்ல மாட்டார்கள். ஐந்து நாள் மறைத்த அந்தப் பெரியவருக்கு மட்டும் உண்மையாகவே கொரோனா இருந்திருந்தால், லைன் முழுவதும் என்ன ஆகியிருக்கும், குடியிருப்பு என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்க்க எனக்கு இப்போதும் தைரியம் இல்லை.

தோட்ட உரிமையாளர்களில் பலர் என்னை அறிந்தவர்கள். இக்கடிதம் அவர்களுக்கு வருத்தம் தரலாம். பெயர் எழுதினால் நாளை சலுகை கேட்பார்கள், வழக்குப் போடுவார்கள் என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. அவர்கள் கேட்கப்போவது தங்கள் கூலியைத்தான், சலுகையை அல்ல. நம் மலை மக்களும் குடகுக்கும் கேரளத்துக்கும் காப்பிக்கும் மிளகுக்கும் போகிறார்கள். அங்கே அவர்களை ஒரு வரியில் எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

அந்தப் பள்ளிக்கூட நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. செவிலியர் மாற்றலாகிப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சென்ற ஞாயிற்றுக்கிழமை இன்னொரு நோட்டு வாங்கிக்கொண்டு, 'ஆள் 17' என்று எழுதியிருந்த தோட்டத்தின் லைன் வீட்டுக்குப் போனேன். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை, யார் சொல்லி வந்தாய் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். எழுதி முடித்தபோது பதினேழு அல்ல, பத்தொன்பது பெயர்கள் இருந்தன. இரண்டு கைக்குழந்தைகளைச் செக்ரோல் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. இருவருக்கும் இங்கு வந்தபின் தடுப்பூசி போடப்படவில்லை. திங்கட்கிழமை காலை அந்த இரண்டு பெயர்களையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தேன். வியாழக்கிழமை லைனுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாவட்ட நிர்வாகம் கேட்டால் நோட்டின் நகலைத் தரவும், மற்றத் தோட்டங்களுக்கு உடன் நடந்து வந்து எழுதவும் தயாராக இருக்கிறேன்.

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வெளியிட்டால் தோட்டம் எதுவென்று தெரிந்துவிடும் என்பதால் அவற்றை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கணக்குப்பிள்ளை,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.